கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருங்கள்

(உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டி, ஏப்ரல் மாதம் நம் வளாகத்தின் கம்யூனிட்டி ஹாலில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்களுக்காக.)



நான் வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பி.காம். டாக்டரும் இல்லை, ஸ்பெஷல் எஜுகேட்டரும் இல்லை. ஆட்டிசம் பற்றிப் பேச உனக்கு என்னய்யா தகுதி என்று நீங்கள் கேட்டால், இரண்டு சொல்வேன். பி பிளாக் லிஃப்ட்டில் மாடி எண்களைச் சத்தமாகப் படித்துக்கொண்டு வருவானே, அந்த நாலரை வயதுப் பையன் என் பேரன். அடுத்தது, நம் தரைத்தளத்தில் நடக்கும் மழலையர் பள்ளியில், அவன் வகுப்பிலேயே, ஒரு வருஷமாக வாரம் இரண்டு காலை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிறேன். கதை சொல்லவும், டிபன் பாக்ஸ் திறந்து கொடுக்கவும் ஒரு தாத்தா கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றார் டீச்சர். போனேன்.

இன்று பேசுவதற்கு உடனடிக் காரணம் ஒன்று உண்டு. நம் வாட்ஸ்அப் குழுவில் சில வாரங்களுக்கு முன் ஒரு செய்தி வந்தது. "அந்தக் குழந்தையைத் தனிப் பள்ளியில் சேர்த்தால் அவனுக்கும் நல்லது, மற்றக் குழந்தைகளுக்கும் நல்லது அல்லவா?" என்று. எழுதியவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். ஜூன் மாதம் அவனை எல்.கே.ஜி.யில் தொடர வைப்பதா என்று மற்றப் பெற்றோரின் கருத்தையும் கேட்டு முடிவு செய்யப்போவதாகப் பள்ளியை நடத்துபவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அதனால் இது எங்கள் வீட்டுக்குச் சின்ன விஷயம் இல்லை. கைபேசியில் பதில் எழுதுவதைவிட, உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று நினைத்தேன்.

முதலில் அடிப்படை. ஆட்டிசம் ஒட்டிக்கொள்ளும் நோய் இல்லை. தடுப்பூசியால் வந்ததும் இல்லை, செல்லம் கொடுத்து வளர்த்ததால் வந்ததும் இல்லை. மூளை வளரும் விதத்திலேயே இருக்கும் ஒரு வேறுபாடு. 1943-ல் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதிலிருந்துதான் இந்தப் பெயர் பரவியது. நம் நாட்டில் 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசம் அதில் ஒன்று. எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து படிப்பதோடு, கற்பிக்கும் முறையும் அவர்களுக்கு ஏற்ப மாற வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஆனால் இலவசக் கல்வி உரிமையை அது 6 வயதிலிருந்து 18 வயது வரைதான் பேசுகிறது. மூன்று, நான்கு வயதில் ஒரு பிள்ளைக்கு இடம் கிடைப்பது பெரும்பாலும் அக்கம்பக்கத்தாரின் மனசைப் பொறுத்ததாக இருக்கிறது.

சரி, வகுப்புக்கு வருவோம்.

வங்கிப் பழக்கம் விடாது. ஒரு நோட்டில் மூன்று பத்தி போட்டேன்: கேள்வி, கட்டளை, சும்மா பேச்சு. பெரியவர்கள் என் பேரனிடம் பேசும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரிய பத்தியில் ஒரு கோடு. "இது என்ன கலர்?", "மாடு எப்படிக் கத்தும்?" - கேள்வி. "உட்காரு", "கையை எடு", "இங்க பாரு" - கட்டளை. முதல் இரண்டு பத்திகளும் மளமளவென்று நிரம்பின. மூன்றாவது பத்தி கிட்டத்தட்ட வெள்ளையாகவே இருந்தது. பக்கத்துப் பாயில் இருந்த பெண் குழந்தையிடம் அதே பெரியவர்கள், "அட, புது கிளிப்பா? யார் வாங்கித் தந்தா? எனக்கும் ஒண்ணு தருவியா?" என்று சிரித்துச் சிரித்துப் பேசினார்கள்.

இதில் டீச்சர் மேல் எந்தக் குறையும் இல்லை. பதில் வராத இடத்தில் யாருக்கும் பேச்சு சுருங்கத்தான் செய்யும். சுருங்கச் சுருங்க, கடைசியில் மிஞ்சுவது கட்டளையும் பரீட்சைக் கேள்வியும்தான். யோசித்துப் பாருங்கள். நாள் முழுக்க ஒருவர் உங்களிடம் வந்து "இது என்ன? அது என்ன? உட்காருங்கள், எழுந்திருங்கள்" என்று மட்டும் பேசினால், அவரைக் கண்டதும் நீங்களும் முகத்தைத் திருப்பிக்கொள்ள மாட்டீர்களா?

இப்போது அந்த வகுப்பில் என்ன செய்கிறார்கள் என்று சொல்கிறேன். வாரம் ஒரு முறை வரும் ஸ்பெஷல் எஜுகேட்டரும் டீச்சரும் சேர்ந்து மாற்றியது இது. நானும் அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன். செலவே இல்லாதவை.

ஒன்று, கேள்வியைக் குறைத்து, அவன் செய்வதைச் சொல்வது. அவன் கார் பொம்மையைத் தள்ளிக்கொண்டிருந்தால் "இது என்ன கலர் கார்?" என்று கேட்பதில்லை. டீச்சர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "கார் போகுது... போகுது... டமால்!" என்று சொல்லிவிட்டு நிறுத்துகிறார். அவன் கவனம் ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கு நம் வார்த்தை போகிறது. அவனை இழுத்துக்கொண்டு நம் வார்த்தைக்கு வரவேண்டியதில்லை. சில நாள் கழித்து அவனே டீச்சர் முகத்தைப் பார்த்து "டமால்" என்றான். கேட்பவர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றாது. அதுவரை அவன் தன் விளையாட்டுக்குள் யாரையும் கூப்பிட்டதில்லை.

இரண்டு, காத்திருப்பது. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களிலேயே ஒன்றைக் கண்டுபிடித்தார். ஆசிரியர்கள் ஒரு கேள்வி கேட்டால் பதிலுக்குச் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை. அதை மூன்று விநாடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீளமாகிறது. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். இது சாதாரண வகுப்புகளில் பார்த்தது. கேட்டதைப் பிரித்துப் புரிந்துகொள்ள இன்னும் நேரம் எடுக்கும் பிள்ளைக்கு எவ்வளவு தர வேண்டும்? எங்கள் வகுப்பில் மனசுக்குள் பத்து வரை எண்ணுகிறோம்.

கவுன்ட்டரில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பென்ஷன் வாங்க வரும் பெரியவர் நடுங்கும் கையோடு கையெழுத்துப் போடும்போது "சீக்கிரம், சீக்கிரம்" என்றால் என்ன ஆகும்? கை இன்னும் நடுங்கும், கையெழுத்து மாதிரியோடு ஒத்துப்போகாது, மறுபடி போடச் சொல்ல வேண்டும். பேசாமல் இருந்தால் ஒரே தடவையில் முடிந்திருக்கும். 

நம் லிஃப்ட்டில் நடப்பதைச் சொல்கிறேன். "உன் பேர் என்ன?" ஒரு நொடி. "பேர் சொல்லு கண்ணா." ஒரு நொடி. "வாட் இஸ் யுவர் நேம்?" ஒரு நொடி. "மாமாகிட்ட சொல்ல மாட்டியா?" அதற்குள் மூன்றாவது மாடி வந்துவிடுகிறது. அன்பாகத்தான் கேட்கிறீர்கள். ஆனால் அவன் முதல் வவுச்சரைப் பார்த்து முடிப்பதற்குள் மேஜையில் நாலு வவுச்சர் விழுந்துவிட்டது. ஒரே கேள்வி, அதே வார்த்தை, பிறகு மௌனம். அது போதும். பதில் சில சமயம் நீங்கள் இறங்கின பிறகு வரும். வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது தன் பெயரைச் சொல்லுவான். எங்களுக்குத் தெரியும், அது உங்களுக்கான பதில்.

மூன்று, தமிழில் நாம் பேசும் சில பழக்கங்கள். "ஓடாதே" என்கிறோம். அந்தச் சொல்லில் முதலில் வருவது ஓட்டம். "வேண்டாம்" என்பது வாலில்தான் இருக்கிறது. சத்தமான ஹாலில் பாதிச் சொல் மட்டும் காதில் விழும் பிள்ளைக்கு எது கேட்டிருக்கும்? அதோடு, ஓடக் கூடாது என்றால் பிறகு என்ன செய்வது என்பதையும் நாம் சொல்லவில்லை. "நடந்து வா" என்றால் இரண்டு சிக்கலும் தீர்ந்தது. "கத்தாதே" என்பதற்குப் பதில் "மெதுவாப் பேசு". "தண்ணியைக் கொட்டாதே" என்பதற்குப் பதில் "ரெண்டு கையால பிடி".

இன்னொன்று, கட்டளையைக் கேள்வி மாதிரி கேட்பது. "சாப்பிடலாமா?", "வீட்டுக்குப் போகலாமா?" என்கிறோம். அவன் "வேண்டாம்" என்கிறான். உடனே அடம் பிடிக்கிறான் என்கிறோம். கேட்டதற்கு நேர்மையாகப் பதில் சொன்னது அவன்தானே! அவன் விருப்பம் செல்லாது என்றால் கேட்காதீர்கள். "இப்ப சாப்பாடு. தோசையா, இட்லியா?" என்று உண்மையாகவே தேர்ந்தெடுக்கக் கூடியதைக் கேளுங்கள். "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டுக் கால் மணி நேரம் போனில் பேசுவதும் இந்த வகைதான். அவன் எண்ணிக்கொண்டு நிற்பான்.

அப்புறம் மிரட்டலும் கேலியும். "பூச்சாண்டி வருவான்", "செக்யூரிட்டி அங்கிள் பிடிச்சுட்டுப் போயிடுவார்", "உங்கம்மா உன்னை விட்டுட்டுப் போயிட்டா". நாமெல்லாம் இதைக் கேட்டுத்தான் வளர்ந்தோம். சொல்பவரின் உதட்டோரச் சிரிப்பைப் பார்த்து விளையாட்டு என்று புரிந்துகொண்டோம். அந்தச் சிரிப்பைப் படிக்க முடியாத பிள்ளைக்கு அது செய்தி. அம்மா போய்விட்டாள் என்றால் போய்விட்டாள். "உனக்கு அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?" என்ற கேள்வியையும் தயவுசெய்து எல்லாப் பிள்ளைகளிடமும் நிறுத்திவிடலாம்.

நான்கு, சொன்னதையே திருப்பிச் சொல்வது. "தண்ணி வேணுமா?" என்று கேட்டால் என் பேரன் "தண்ணி வேணுமா" என்பான். கிளிப்பிள்ளை மாதிரி சொல்கிறானே, புரியவில்லை போலிருக்கிறது என்று பலர் நினைக்கிறீர்கள். கேனரின் 1943 கட்டுரையிலேயே இது இருக்கிறது: அந்தப் பிள்ளைகளில் சிலர் "ஆமாம்" என்பதைக் கேள்வியைத் திருப்பிச் சொல்லித்தான் தெரிவித்தார்கள். ஆனாலும் பல வருஷங்கள் இதை அர்த்தமில்லாத பேச்சு என்று சொல்லி நிறுத்தவே பார்த்தார்கள். 1981-ல் பாரி பிரிசன்ட், ஜூடித் டுகன் என்ற இரு ஆய்வாளர்கள் வீடியோ எடுத்துக் கவனித்துச் சொன்னார்கள்: இந்தத் திருப்பிச் சொல்லலுக்குப் பல வேலைகள் இருக்கின்றன. சில நேரம் அது "ஆமாம்", சில நேரம் "கொடு", சில நேரம் தன் முறை வந்ததைத் தெரிவிப்பது, சில நேரம் தன்னையே அமைதிப்படுத்திக்கொள்வது.

அதனால் வகுப்பில் இப்போது அவன் பிளாஸ்க்கைப் பார்த்தால், அவன் சொல்ல வேண்டிய வாக்கியத்தையே பெரியவர் சொல்கிறார்: "தண்ணி வேணும்." கேள்வியைக் கொடுத்தால் கேள்விதான் திரும்பி வரும், அவன் சொல்லக்கூடிய வாக்கியத்தைக் கொடுத்தால் அது திரும்பி வரும், அதோடு தண்ணீரும் வரும். விளம்பர வசனங்களையும், மெட்ரோ அறிவிப்புகளையும் அவன் சொல்வதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கதவு மூடும் அறிவிப்பைச் சொன்னால் "எனக்கு இங்கிருந்து போக வேண்டும்" என்று அர்த்தம். டீச்சர் அதைப் புரிந்துகொண்டு "வெளிய போகணும்" என்று சொல்லி வாசல் வரை அழைத்துப் போகிறார். முன்பெல்லாம் அந்த இடத்தில் அழுகை வரும்.

ஐந்து, கண்ணைப் பார்த்தால்தான் கேட்கிறான் என்ற எண்ணம். "என் கண்ணைப் பார்த்துச் சொல்லு" என்று முகவாயைப் பிடித்துத் திருப்புகிறோம். ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள்: கண்ணைப் பார், இல்லையென்றால் பேச்சைக் கேள், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் முடியவில்லை என்று. அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கதை கேட்கிறான். நான் ஒரு வரியை மாற்றிச் சொன்னால் திருத்துகிறான்.

இதோடு சேர்ந்தது, அவன் எதிரிலேயே அவனைப் பற்றிப் பேசுவது. "இவன் பேச மாட்டானா? எப்பச் சரியாகும்?" என்று அவன் தலைக்கு மேலே பெரியவர்கள் பேசிக்கொள்கிறோம். பேச்சு வராததால் காது கேட்காமல் போய்விடாது. என் மருமகளிடம் கேட்க வேண்டியதை அவன் இல்லாதபோது கேளுங்கள், அவள் பதில் சொல்வாள்.

ஆறு, எந்த மொழி என்பது. இரண்டு மொழி குழப்பும், வீட்டிலும் ஆங்கிலமே பேசுங்கள் என்று எங்களுக்கும் அறிவுரை வந்தது. இரண்டு மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் உள்ள குழந்தையின் பேச்சு பின்தங்குவதில்லை என்றுதான் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. என் மனைவிக்கு ஆங்கிலத்தில் தாலாட்டத் தெரியாது. ஆங்கிலத்தில் கொஞ்சவும் தெரியாது. தமிழை நிறுத்தியிருந்தால் வீட்டில் அவனோடு அதிக நேரம் இருக்கும் ஆள் ஊமையாகியிருப்பாள். படங்களைக் காட்டிக் கேட்கப் பழக்கினால் பேச்சு வராது என்ற பயமும் இப்படித்தான். படம் பேச்சைத் தடுப்பதில்லை. நம் சென்னையிலேயே உருவான ஆவாஸ் என்ற செயலியில், படத்தைத் தொட்டால் அது சொல்லாக ஒலிக்கிறது, தமிழிலும் பேசுகிறது. வகுப்பில் கைகழுவுதல், சாப்பாடு, விளையாட்டு, வீடு என்று வரிசையாகப் படம் ஒட்டியிருக்கிறார்கள். அதை எல்லாப் பிள்ளைகளும் பார்த்து நடக்கிறார்கள்.

இதெல்லாம் நிபுணர்கள் செய்ய வேண்டியது, நமக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஓர் ஆய்வு நடந்து 2015-ல் வெளியானது. நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெற்றோரும் பிள்ளையும் விளையாடுவதை வீடியோ எடுத்து, அதைப் பெற்றோருக்கே போட்டுக் காட்டி, பிள்ளையின் போக்குக்கு ஏற்பப் பேசப் பழக்கினார்கள். பெற்றோர் பேசும் விதம் மாறியது. பிள்ளைகள் தாமாகவே பேச்சுத் தொடங்குவதும் கூடியது. பயிற்சி பெற்றவர்கள் நம்மைப் போன்ற சாதாரண ஆட்கள்தான்.

வணிகவியல் படித்தவர்களுக்கு இரட்டைப் பதிவு முறை தெரியும். ஒரு பக்கம் மட்டும் எழுதிவிட்டுக் கணக்கு ஒத்துப்போகவில்லை என்று சொல்ல முடியாது. ஆட்டிசம் உள்ளவரான டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 2012-ல் கிட்டத்தட்ட இதையே வேறு வார்த்தையில் சொன்னார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்கிறோம், நமக்கும் அவர்களைப் புரியவில்லையே, சிக்கல் இரண்டு பக்கமும் இருக்கிறது என்று. பயிற்சி, தெரபி என்று நாலரை வயதில் அவன் தன் பக்கத்துப் பதிவைத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறான். நம் பக்கம் காலியாக இருந்தால் எப்படி டேலி ஆகும்?

இப்போது அந்த வாட்ஸ்அப் கேள்விக்கு வருகிறேன். அதில் நியாயமான கவலையும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். மேல் மாடியில் டிரில்லிங் மெஷின் ஓடினால் அவன் காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறான். அப்போது டீச்சர் அவனோடு போய்விட்டால் மற்றப் பதினான்கு பிள்ளைகளைப் பார்க்க ஒரு ஆயா மட்டும்தான். உங்கள் பிள்ளையின் நேரம் போகிறது என்று நீங்கள் நினைப்பது இயல்பு. தனிப் பள்ளியின் கவனிப்பு தேவைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பெற்றோரின் முடிவை நான் குறை சொல்லவில்லை. சேர்ந்து படிப்பது என்றால் ஒரு பாயைப் போட்டு உட்கார வைத்துவிட்டு மறந்துவிடுவதும் இல்லை. கூடுதலாக ஒரு பெரியவர் வகுப்பில் வேண்டும்.

ஆனால் மற்றப் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம் என்று கேட்டால், நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெரியவர்கள் அவனிடம் எப்படிப் பேசினார்களோ, பிள்ளைகளும் அப்படியே பேசினார்கள். நாங்கள் அதட்டியபோது அவர்களும் அதட்டினார்கள். நாங்கள் காத்திருக்கத் தொடங்கியதும் அவர்களும் காத்திருக்கிறார்கள். போன மாதம், முன்பு சொன்னேனே, அந்தக் கிளிப் போட்ட பெண், அவனிடம் பந்தை நீட்டி "உனக்கா?" என்று கேட்டுவிட்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டு நின்றாள். ஏழில் அவன் வாங்கிக்கொண்டான். தெளிவாகப் பேசுவது, செய்ய வேண்டியதைச் சொல்வது, பொய் மிரட்டல் இல்லாமல் இருப்பது: இவை பதினைந்து பிள்ளைகளுக்குமே நல்லதுதான். ஒருவனுக்கு இவை இல்லாமல் முடியாது, அவ்வளவே வித்தியாசம்.

எனவே உங்களிடம் மூன்று வேண்டுகோள். 

பணி ஓய்வு பெற்ற நம்மில் நால்வர், ஆளுக்கு வாரம் இரண்டு காலை, வகுப்பில் இரண்டாவது பெரியவராக உட்கார முன்வர வேண்டும். நான் ஏற்கெனவே ஒருவன். இன்னும் மூவர் போதும். எப்படிப் பேசுவது என்று ஸ்பெஷல் எஜுகேட்டர் ஒரு சனிக்கிழமை சொல்லித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார். மே மாத இறுதிக்குள் சங்க அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.

பள்ளி நேரத்தில், காலை ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, டிரில்லிங் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம் என்று நிர்வாகக் குழு ஒரு விதி கொண்டுவரலாம். மதியம் தூங்கும் நேரத்துக்கு ஏற்கெனவே விதி இருக்கிறது. அதோடு ஒரு வரி சேர்ப்பதுதான்.

மூன்றாவது, ஜூனில் பள்ளி உங்களிடம் கருத்துக் கேட்கும்போது, பதில் எழுதுவதற்கு முன் ஒரு நாள் காலை வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பார்த்த பிறகு "வேண்டாம்" என்று எழுதினாலும் நான் வருத்தப்பட மாட்டேன் என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். வருத்தப்படுவேன். ஆனால் பார்த்துவிட்டு எழுதியதை மதிப்பேன்.

வரும்போது டீச்சரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அன்றைக்குப் படவரிசையில் உங்கள் போட்டோவையும் ஒட்டிவிடுவார். யார் வரப்போகிறார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.